என் நாக்கைச் சோதிக்க வரும் தங்கைக்கு

மார்ச் 9, திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். இன்றோடு எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், பதினொரு நாள் ஆகிறது. வயதை இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம் உண்டு. கடைசியாக நாம் பேசியபோது நீ என்னை "அறுபது வயசுக் கிழவி" என்றாய். எனக்கு அப்போது ஐம்பத்தொன்பதுதான். தவறான தகவலைத் திருத்தாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. திருத்தத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆனது என் குற்றமல்ல.

அன்புள்ள தங்கைக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது. இரண்டு முழங்கால்களையும் இடது காதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நலம். உன் நலத்தை விசாரிப்பது முறைதான். ஆனால் உன் இரத்த அழுத்தம் முதல் உன் புது மூக்குக்கண்ணாடி வரை எல்லாவற்றையும் உன் மகள் எனக்குத் தொலைபேசியில் ஒப்பித்துவிடுவதால், தெரிந்ததையே மறுபடி கேட்டு மையை வீணாக்க விரும்பவில்லை.

உன் அஞ்சலட்டை போன மாதம் வந்து சேர்ந்தது. பத்தொன்பது வருட மௌனத்தை ஆறு வரியில் முடித்திருந்தாய். "பதினாலாம் தேதி சனிக்கிழமை உன் ஊர் வழியாப் போறேன். ரெண்டு விமானத்துக்கு நடுவுல அஞ்சு மணி நேரம் இருக்கு. வீட்டுக்கு வரமாட்டேன். வெளியில எங்கயாவது இனிப்பா ஏதாவது சாப்பிடலாம். இடத்தையும் பண்டத்தையும் நீயே தேர்ந்தெடு, உன் நாக்கு இன்னும் அப்படியேதான் இருக்கான்னு பாக்கறேன். நல்லா இல்லேன்னா பாதியில எழுந்து போயிடுவேன்." நீ எழுதாமல் விட்ட ஏழாவது வரியை உன் மகள் சொன்னாள். உன் பயணச்சீட்டு ஒருவழிச் சீட்டு. இனி அவளோடேயே இருந்துவிடப் போகிறாய். ஆகவே இந்த ஐந்து மணி நேரத்தை விட்டால், நமக்குள் மிச்சமிருப்பது இரங்கல் செய்தி மட்டுமே. அதையும் யாராவது ஒருத்திதான் எழுத முடியும்.

எழுந்து போவதில் நீ கெட்டிக்காரி என்பது எனக்குத் தெரியும். என் பணி ஓய்வு விருந்துக்கு நீ மூன்று நாள் அடுப்படியில் நின்று, கருக்கிய சர்க்கரையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து மூன்றடுக்குக் கேக் ஒன்று செய்து கொண்டுவந்தாய். முப்பது வருடம் கேக் செய்து விற்றவள் நீ. முப்பத்தொரு வருடம் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சுவை பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். நாற்பது பேர் முன்னால் "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாய். "அட்டையை மெல்லற மாதிரி இருக்கு" என்றேன். நீ மிச்சக் கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாய். அன்று நான் சொன்னது என் வாய்க்குத் தெரிந்த உண்மை. அதற்காக மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்து வராதே.

ஆனாலும் விருந்தாளி விருந்தாளிதான். ஒரு மாதமாக இந்த நகரத்தின் இனிப்புக் கடைகளை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். துணைக்கு எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டரை அழைத்துப் போகிறேன். நாற்பது வருடம் ஊரார் வாயிலிருந்து மிட்டாயைப் பிடுங்கிய மனிதர், இப்போது அத்தனையையும் தாமே தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறார். சாட்சி என்ற முறையில் அவரால் எள்ளளவும் பயனில்லை. எதைக் கொடுத்தாலும் "பிரமாதம் மேடம்" என்பார். தண்ணீர் கொடுத்தாலும் அதே பாராட்டுதான்.

முதலில் போனது பிரெஞ்சுப் பெயர் வைத்த ஒரு கேக் கடை. நகைக்கடை போலக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, வெளியே வெள்ளைக் கையுறை அணிந்த பெண். ஒரு தட்டில் பேரிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து டாக்டர் அதை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். ஜன்னல் வெயில் அங்கேதான் விழுந்தது. நாங்கள் இருபது நிமிடம் காத்திருந்தோம். "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டேன். "எதுக்கு மேடம்?" என்றாள். "நாங்க கேட்ட இனிப்புக்கு." அவள் விரலை நீட்டினாள். பேரிக்காய் அதற்குள் காம்புவரை உருகி, குளம்போல் பரவி, டாக்டரின் சட்டைக் கைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் கையை நக்கிப் பார்த்துவிட்டு "பிரமாதம்" என்றார். என் தீர்ப்பு: இனிப்பு தூக்கல், பழத்தின் மணம் மிகக் குறைவு. நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது இடத்தில் உணவுப் பட்டியலே கிடையாது. மேசையில் ஒட்டியிருக்கும் கட்டத்தைக் கைபேசியால் படமெடுத்தால் பட்டியல் அதில் தோன்றுமாம். டாக்டர் ஒரு பெயரை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். உயிரில்லாத பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல நான்கு முறை அழுத்தினார். பணியாள் நான்கு தட்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் பனிக்கட்டிபோல ஒரு வெள்ளைக் கூம்பு. நான் வாயைத் திறப்பதற்குள் ஏதோ ஒரு மதுவை ஊற்றி நான்கையும் கொளுத்திவிட்டார். ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் பழகிய கை, யோசித்துவிட்டு வேலை செய்யாது. கைத்துண்டைத் தண்ணீரில் நனைத்து முதல் தட்டை மூடினேன், இரண்டாவதன் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்தேன், மிச்சம் இரண்டின் மேல் கூஜாவைக் காலி செய்துவிட்டு, "எல்லாரும் கதவுப் பக்கம் போங்க! ஓடாதீங்க, நடந்து போங்க!" என்று கத்தினேன். பாதிப் பேர் போய்விட்டார்கள். "மேடம், இது இப்படித்தான் மேடம், எரியத்தான் செய்யணும்" என்று பணியாள் அழாத குறையாகச் சொன்னார். "எரியறதை யாராவது தட்டுல போட்டுக் கொண்டுவருவாங்களா?" என்றேன். நனைந்துபோன கூம்பில் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்த டாக்டரின் கருத்தை நீயே யூகித்துக்கொள். நான் போட்ட குறிப்பு: முட்டை வாடை, சாராயக் கசப்பு. அந்தத் தெருவில் இனி நான் தலை காட்ட முடியாது.

மூன்றாவது, நம் வயதுக்கு ஏற்ற சிறிய காபிக் கடை. சாய்மானம் உள்ள நாற்காலி, நல்ல வெளிச்சம், காதைத் துளைக்காத சங்கீதம். இதுதான் இடம் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். பழக்க தோஷத்தில் கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துப் பாலாடைக் கேக்கின் வயிற்றில் செருகி, பதினான்கு பாகை என்று குறிப்பேட்டில் எழுதினேன். நிமிர்ந்தால் எதிரே கடைக்காரி வெளிறிப்போய் நிற்கிறாள். "மேடம், குளிர்பெட்டி நேத்துதான் மேடம் மக்கர் பண்ணுச்சு. ஆளை வரச் சொல்லியிருக்கோம்" என்றாள். "நான் சும்மா சாப்பிட வந்தவம்மா" என்றேன். "எல்லாரும் முதல்ல அப்படித்தான் மேடம் சொல்வாங்க" என்றாள். நான் எவ்வளவுக்கு எவ்வளவு சிரித்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அவள் நடுங்கினாள். மறுநாள் கதவில் "புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது" என்று பலகை தொங்கியது. இன்றுவரை திறக்கவில்லை. இந்த நகரத்தில் நாம் உட்கார்ந்து பேசியிருக்கக்கூடிய ஒரே இடத்தை ஒரு வெப்பமானியால் நானே மூடிவைத்தேன்.

நான்காவதுதான் என் நம்பிக்கையின் கடைசி மூச்சு. இனிப்பு மட்டுமே பரிமாறும் உணவகம், ஏழு சுற்று, முதுகில்லாத முக்காலிகள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இளைஞர் வந்து சொற்பொழிவு ஆற்றினார். ஐந்தாவது சுற்றில், ஒரு தட்டு நிறையக் கருங்கற்களை வைத்து, "இது ஆத்தங்கரையோட ஞாபகம்" என்றார்.

"யாரோட ஞாபகம்?" என்றேன்.

"எங்க செஃப்போட சின்ன வயசு ஞாபகம் மேடம்."

"சின்ன வயசுல அவருக்கு வீட்ல சாப்பாடு போடலியா?"

இளைஞர் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். தட்டில் ஏழு கற்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுதான் சாக்லேட், மற்றவை ஆற்றிலிருந்தே எடுத்தவை. இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்துவிட்டார். கடக்கென்று ஒரு சத்தம். அடுத்த மேசை திரும்பிப் பார்த்தது. அப்போதும் அந்த மனிதர் "பிரமா..." வரைக்கும் போனார். பிறகுதான் முகம் மாறியது. கைத்துண்டில் துப்பினார், கல் முழுதாக இருந்தது, கடைவாய்ப் பல் பாதியாக இருந்தது. அவரிடம் படித்த மாணவிதான் இப்போது அவருக்கு வைத்தியம் பார்க்கிறாள். அவர் வாயைத் திறந்தபடி வைக்கச் சொல்லிவிட்டு, இந்த வயதில் இனிப்பு தின்னலாமா என்று முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தாளாம். ஒரு மாதத்துக்குக் கஞ்சியைத் தவிர எதையும் தொடக்கூடாது. ஆகவே சனிக்கிழமை அவர் என்னோடு வரமாட்டார். இது எனக்கு எவ்வளவு பெரிய இடி என்று உனக்குப் புரியாது. நேற்றிரவு முழுதும் அதை நினைத்தே புரண்டு படுத்தேன்.

யோசித்து, கூட்டிக் கழித்து, நான் வந்திருக்கும் முடிவு இது. உன் கண்ணில் தேறும் இனிப்பு எதுவும் இந்த நகரத்தில் இல்லை. இருந்தாலும் அதைக் கண்டுபிடித்து உன் முன்னால் வைக்க என்னால் ஆகாது. நீ முதல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவதைப் பார்க்க நான் ஒரு முக்காலியில் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. அதை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆகையால் சனிக்கிழமைச் சந்திப்பு வேண்டாம். விமான நிலையத்திலேயே இரு. அங்கே நாற்காலிகளுக்கு முதுகு உண்டு.

உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும், நான் பார்த்தேயிராத உன் பேரப்பிள்ளைகள் இருவருக்கும், பெரியம்மாவாகவும் பாட்டியாகவும் கொடுக்க வேண்டிய ஆசிகள் எல்லாவற்றையும் குறைவில்லாமல் அனுப்புகிறேன். உன் பங்கையும் இதோடு வைத்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள். பயணத்தில் மாத்திரைகளைக் கைப்பையில் வை.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டிவரை நடந்து போய், போடாமல் திரும்பி வந்து, உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் பொருட்படுத்தாதே. சனிக்கிழமை வா. கடையையும் பண்டத்தையும் நீயே தேர்ந்தெடு. நீ சாப்பிடு, நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். "இனிப்பு தூக்கல்" என்பது அடுத்த மேசைப் பெண் தன் தோழியிடம் சொன்னது. "முட்டை வாடை" கதவுப் பக்கம் போன யாரோ ஒருவருடையது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சூடு, குளிர், கெட்டி, இளக்கம். வேறொன்றும் தெரியாது. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தேன் அல்லவா, நீகூட வந்து பார்த்துக்கொண்டாய். அந்தக் காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் நாக்கையும் கூட எடுத்துக்கொண்டு போனது. இன்றுவரை திரும்பி வரவில்லை. சுவைப் பிரிவின் தலைவி இதை யாரிடம் சொல்வாள்? சொன்ன மறுநாளே நாற்காலி போயிருக்கும். எங்கள் அறையில் கிண்ணம் கழுவும் அம்மா ஒருவர் இருந்தார். எனக்கு முன்னால் அவர் ஒரு துளி வாயில் வைத்துப் பார்ப்பார். நன்றாக இருந்தால் கிண்ணத்தை என் வலப்பக்கம் வைப்பார், கெட்டிருந்தால் இடப்பக்கம். இரண்டு வருடம் என் கையெழுத்தோடு வெளியே போன அறிக்கைகள் எல்லாம் அவருடைய நாக்கு. ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை.

விருந்தன்று நீ கேட்டதும் நான் முதலில் தேடியது அவரைத்தான். கூட்டத்துக்குப் பின்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். நாற்பது பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாயில் இருந்தது அட்டை. அதைச் சொன்னேன். நீ வாசலைத் தாண்டிய பிறகு அவர் என்னிடம் வந்து சொன்னதை இத்தனை வருடம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"ஏம்மா அவசரப்பட்டுட்டீங்க? என் ஆயுசுல இப்படி ஒண்ணு நான் சாப்பிட்டதே இல்ல. ரெண்டாவது துண்டு எடுக்கத்தாம்மா அந்தப் பக்கம் திரும்பினேன்."