ஜென்மப் பாவம் உள்ள ரிவால்வர்

இயேசு மரி சூசை

புனித மெதார் பங்கு,
லூயிசியானா.
புதன்கிழமை.

அன்புள்ள கொழுந்தன் அல்சீடுக்கு,

உன் அண்ணி ஒனோரின் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது, அதுவும் இதுவரை பொய் சொன்னதில்லை. ஷ்ரீவ்போர்ட்டில் நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஒவ்வொரு நாளும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். என் சென்ற கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு பங்குத் திருவிழா, வழக்கம்போலப் பிற்பகலில் தோணிப் பந்தயம். உன் அண்ணன் ஓவிட் இருந்தவரை வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்துப் பந்தயத்தைத் தொடங்கிவைப்பது அவர்தான். அவர் போன பிறகு திருவிழாக் கமிட்டி அந்த மரியாதையை எனக்குக் கொடுத்தது. அவருடைய துப்பாக்கியை என் மூத்த மகன் ஹூஸ்டனுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்போது, அடக்கத்துக்கு வந்திருந்த நீதான், கையில் காபிக் கோப்பையோடு என் சமையலறையில் நின்றுகொண்டு, "நோலன் ஹார்ட்வேர் கடையில ஒரு பழைய ரிவால்வர் கிடக்கு அண்ணி, நல்ல கம்பெனி, ஆயுள் முழுக்க உத்தரவாதம், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றாய். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்கினேன். அப்படியும் இந்தக் கதி.

போன வருஷம் நடந்ததை உனக்கு யாராவது தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள், சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். எட்டுத் தோணிகளும் வரிசையில் நிற்கின்றன, பையன்கள் துடுப்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், சாமியார் தோணிகளை மந்திரித்து முடித்துவிட்டார், நான் நீலத் தொப்பி அணிந்து பாயூ ஓடைக் கரையில் மேடைமேல் நின்று, குண்டில்லாத வெடித் தோட்டா போட்ட ரிவால்வரை உயர்த்தி விசையை அழுத்துகிறேன், டிக் என்கிறது. மறுபடி அழுத்துகிறேன், டிக். உள்ளே இருந்த அத்தனை தோட்டாவுக்கும் அதே பதில். கூட்டத்தில் ஊசி விழுந்தால் கேட்கும், அந்த நேரம் பார்த்து எர்மின் லெஜ்யூன், பலிபீடத்துக்குப் பிளாஸ்டிக் பூ போதும் என்று பங்குக் கூட்டத்தில் வாதிட்டவள், அவளேதான், "ஒனோரின், உன் துப்பாக்கி ஜெபமாலை சொல்லுதா? மணி உருட்டுற சத்தம் மட்டும்தான் கேக்குது" என்றாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. சிரித்த சிரிப்பில் ஒரு தோணி நகர, அதைப் பார்த்து மற்றதெல்லாம் கிளம்ப, அந்த வருஷப் பந்தயம் யாரும் தொடங்கிவைக்காமலே முடிந்துபோயிற்று. மறு வாரமே எர்மின் படகுக் கடையிலிருந்து ஒரு காற்று ஊதுகுழல் வாங்கிக் கமிட்டிக்கு நன்கொடையாகக் கொடுத்தாள். டப்பியில் சிவப்பு வாய் வைத்தது, அமுக்கினால் மாடு கன்று போடுவது போலக் கத்தும். இனிமேல் இதை வைத்தே தொடங்கலாம், தான் ஊதுகிறேன் என்கிறாள். கமிட்டி பெரிய மனது பண்ணி எனக்கு இன்னும் ஒரு தடவை கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் சுட வேண்டும், எர்மின் ஊதுகுழலோடு என் பக்கத்திலேயே நிற்பாள், டிக் என்றால் அவள் ஊதுவாள். நிரந்தரமாகத் துப்பாக்கியா ஊதுகுழலா என்பதை அடுத்த வெள்ளிக்கிழமை ஓட்டெடுத்து முடிவு செய்வார்கள். உன் அண்ணன் நின்ற இடத்தில் மாடு கத்துவதை நான் உயிரோடு இருந்து கேட்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஆகவே நான் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினேன். கர்ட் என்று ஒரு பையன் எடுத்தான். மரியாதையான பையன், ஆனால் வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. "ஆயுட்கால உத்தரவாதம்னு போட்டிருக்கீங்க, யாரோட ஆயுள்?" என்று கேட்டேன். கான்வென்டில் மதர் ஸ்கொலாஸ்டிகா எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அது: எழுவாய் தெரியாத வாக்கியத்தில் கையெழுத்துப் போடாதே.

"துப்பாக்கியோட ஆயுள், மேடம்."

"வாங்கினவங்க செத்துப்போனா?"

"அது பரவாயில்லைங்க, மேடம்."

"எனக்குப் பரவாயில்லாம இல்லை தம்பி, சரி, மேலே சொல்லு."

முகவரிச் சீட்டு அனுப்புகிறோம், பெட்டிமேல் ஒட்டி அனுப்புங்கள், செலவு எங்களுடையது என்றான். சீட்டு வந்தது. ரிவால்வரைக் காலி செய்து, துணியில் சுற்றி, விசைக்குப் பக்கத்தில் வேட்டைக்காரர்களின் பாதுகாவலர் புனித ஹூபர்ட் மெடல் ஒன்றை ரிப்பனால் கட்டி, கிறிஸ்துமஸ் கேக் டப்பாவில் வைத்துத் தபாலாபீசுக்கு எடுத்துப் போனேன். தபால் பார்க்கும் ஒஸீட் டப்பாவைத் தராசில் வைத்துக்கொண்டே "கேக்கா, யாருக்கு?" என்றாள். நான் பொய் சொல்வதில்லை. ரிவால்வர் என்றேன். அவள் தராசை விட்டுச் சுவர்வரை பின்னால் போய், "இதைத் தபால்ல எடுத்தேன்னா அடுத்த பூசை எனக்கு ஜெயில்லதான், எடுத்துட்டுப் போ தாயி, கூரியர்காரன்கிட்டப் போ, சீட்டுல அவன் பேருதான் போட்டிருக்கு, நீ கண்ணாடி போட்டுப் படிக்கலையா" என்றாள். படித்தேன். அந்தப் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது.

பெட்டி போயிற்று, வந்தது. கூடவே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் புனித ஹூபர்ட் தனியாக வந்தார், அவர் கழுத்தில் ஒரு அட்டை: "எங்கள் உதிரிபாகம் அல்ல. உத்தரவாதத்தில் அடங்காது." ரிவால்வரோடு வந்த தாளில், "அதிகப்படியான பிசுக்கு நீக்கப்பட்டது. சோதித்ததில் குறை எதுவும் தென்படவில்லை" என்று இருந்தது. பிசுக்கு என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அல்சீட், இரும்பு வீட்டுக்கு வந்தால் முதலில் அதைப் பழக்க வேண்டும், இதை நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புதுச் சட்டியானாலும் பிறத்தியார் ஆண்ட சட்டியானாலும் பன்றிக் கொழுப்பைத் தடவி, துணியால் துடைத்து, ஓவனில் இளஞ்சூட்டில் வைத்து எடுத்தால்தான் துரு அண்டாது, கம்போக் குழம்புக்கு மாவு வறுத்தாலும் ஒட்டாது. உன் அம்மா எனக்குக் கொடுத்த சட்டி இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ரிவால்வரும் இரும்புதான். வாங்கின அன்றே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, நேரம் எடுத்து, உள்ளும் புறமும் முறையாகப் பழக்கிவைத்திருந்தேன். அதைத்தான் பிசுக்கு என்று துடைத்து எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி உதவி செய்கிறேன் என்று இரும்புச் சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பழக்கினேன். ஹார்ட்வேர் கடை நோலனை வரச்சொல்லி, பாயூவைப் பார்த்து வெடித்துக் காட்டச் சொன்னேன். டிக். இந்தத் தடவை தோட்டா போடும் உருளையும் சுற்றமாட்டேன் என்றது. நோலன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒனோரின் அம்மா, இன்னிக்கு வீட்டுல என்ன சமையல்?" என்றான்.

மறுபடி அனுப்பினேன், புனிதர் இல்லாமல். கர்ட் தானே கூப்பிட்டான்.

"மேடம், உங்க பெட்டியைப் பிரிச்சதும் பட்டறையில எல்லாரும் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடப் போயிட்டாங்க."

"ஏன்?"

"வாசனை, மேடம். இதை எதுல பொரிச்சீங்க?"

"பொரிக்கலை. பழக்கினேன். பொரிக்கிறது வேற, பழக்குறது வேற."

"எதுவா இருந்தாலும் கொழுப்பு உள்ளே போய் வார்னிஷ் மாதிரி இறுகிக் கிடக்கு. தோட்டாவைத் தட்டுற குதிரை வந்து அடிச்சா தலையணையில குத்துற மாதிரி விழுது."

"போன தடவை நீங்களே துடைச்சீங்க, குறை இல்லைன்னு நீங்களே எழுதினீங்க. குறை இல்லாத சாமானை எதுக்குத் தம்பி துடைச்சீங்க?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்: "இன்னொன்னும் இருக்கு, மேடம். இந்தத் தடவை முழுசாப் பிரிச்சுப் பார்த்தோம். உள்ளே ஸ்பிரிங்கை இறுக்குற திருகாணியை யாரோ அரத்தால ராவிக் குட்டையாக்கியிருக்காங்க. விசை லேசா இருக்கணும்னு சில பேர் பண்ற வேலை. அதனாலயும் அடி பலமா விழாது. நீங்க பண்ணினீங்களா?"

"என்னைப் பார்த்தா அரம் பிடிக்கிறவ மாதிரியா இருக்கு?"

"போன்ல தெரியலை, மேடம். அப்போ முன்னாடி வெச்சிருந்தவர்தான் பண்ணியிருக்கணும். அப்படி யார் கை வெச்சிருந்தாலும் உத்தரவாதம் செல்லாதுங்க."

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குறை இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது பார். "அதாவது, முதல் ஆள் செஞ்ச குத்தம், அவர் முகத்தைக்கூடப் பார்க்காத என் தலையில விடியுதுன்னு சொல்றே."

"விதி அப்படித்தான், மேடம்."

"விதி சரிதான், நான் அதை மறுக்கலை. ஆதாம் பழத்தைத் தின்னார், நாம அனுபவிக்கிறோம். ஜென்மப் பாவம்னு பேரு. ஆனா அதே ஞானோபதேசப் புத்தகத்துல அடுத்த பாடமே ஞானஸ்நானம். பாவம் வழிவழியா வரும்னு சொன்னவங்க, அதைக் கழுவவும் ஒரு வழி வெச்சுட்டுத்தான் சொன்னாங்க. உங்க கம்பெனியில முதல் பாடத்தை மட்டும்தான் அச்சடிச்சீங்களா?"

"நான் பாப்டிஸ்ட், மேடம்."

"நல்லதாப் போச்சு. நாங்க நெத்தியில மூணு சொட்டு விடுவோம், உங்க ஆளுங்க முழுசா முக்கி எடுப்பாங்க. உனக்கு என்னைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கணும்."

மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். மறுநாள் கூப்பிட்டான். "மேலதிகாரி உங்க ஆளு, மேடம், கத்தோலிக்கர். நீங்க சொன்னதைச் சொன்னேன், பேனாவைக் கீழே வெச்சுட்டு யோசிச்சார். புதுத் திருகாணி, புது ஸ்பிரிங், எல்லாம் இலவசம், மரியாதைக்காகச் செஞ்சதுன்னு எழுதச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. ஓவன் கூடாது."

வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கை மீறுவது என் வழக்கமில்லை. ஆனால் அவர்கள் சொன்னதை ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. பழக்காத இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களும் பார்க்கட்டும்.

இப்போது நிலைமை இதுதான். பெட்டி அங்கிருந்து கிளம்பிவிட்டது, வெள்ளி அல்லது சனி வரும், நான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்பதால் கோழிக்குத் தீனி வைக்கப் போனாலும் ஒரு காது வாசலில்தான் இருக்கிறது. பெட்டி வந்த செய்தியையும் சேர்த்து எழுதலாம் என்று இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருப்பேன். நீ ஊரை விட்டுப் போய் இத்தனை வருஷமாகியும் கமிட்டியில் உன் பெயர் இன்னும் இருக்கிறது, தொலைபேசியில் சொன்னாலும் ஓட்டாக எடுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தாலும், நன்றாகக் கவனி, வெடித்தாலும் டிக் என்றாலும், வெள்ளிக்கிழமை நீ துப்பாக்கிக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும். இந்த ரிவால்வரை எனக்குக் கைகாட்டியவன் நீ. உன் அண்ணன் பெயரைக் காப்பாற்ற வேண்டியவனும் நீ. காபி குடிக்க மட்டும் வந்தவன் என்று என்னைச் சொல்ல வைக்காதே. கம்பெனிக்கும் ஒரு கண்டனக் கடிதம் எழுது. நீ வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், உன் கடிதத்துக்குப் பயப்படுவார்கள். புனித ஹூபர்ட் விஷயத்தை அதில் முதலில் எழுது.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். அவள் அனுப்பிய அத்திப்பழ ஜாம் கொஞ்சம் இளகிவிட்டது, ஆனாலும் மனசு நல்ல மனசு. பிள்ளைகள் நெற்றியில் எனக்காகச் சிலுவை வரைந்து விடு. தேவமாதா உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி,
ஒனோரின் துகா

பின்குறிப்பு: ஞாயிறு, மாலை. பெட்டி நேற்று வந்துவிட்டது. இன்று எட்டுத் தோணிகளும் வரிசையில் நின்றன. எர்மின் கட்டைவிரலை ஊதுகுழல்மேல் வைத்துக்கொண்டு என் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் உயர்த்தி அழுத்தினேன். வெடித்தது. அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. பையன்களில் ஒருத்தனும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. டிக் என்றதும் சிரிப்பதற்காக என் பக்கம் திரும்பி, வாயைப் பாதி திறந்து வைத்திருந்தார்கள். நம் தோணி உனக்குத் தெரியும், உட்கார்ந்தவன் தும்மினாலே ஆடும். பையன்கள் துள்ளிய துள்ளலில் எட்டும் ஒன்றாகக் கவிழ்ந்தன. மார்பளவுத் தண்ணீர்தான், யாருக்கும் ஒன்றுமில்லை. எர்மின் ஊதுவதா வேண்டாமா என்று சாமியாரைப் பார்த்தாள், சாமியார் தண்ணீரில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பந்தயம் இந்த வருஷமும் இல்லை. பிறகு நோலனின் பேரன், தலையில் பாசியோடு எழுந்து நின்று, "வெடிச்சிருச்சு, ஒனோரின் அம்மா" என்று சொல்லிக் கை தட்டினான். கவிழ்ந்த தோணிகளைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் தட்டினார்கள், பிறகு கரையும் தட்டியது, எர்மின்கூட ஊதுகுழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. கம்பெனிக்கு ஒன்றும் எழுதாதே. வெள்ளிக்கிழமை ஊதுகுழலுக்கே ஓட்டுப் போடு, நானும் அதற்குத்தான் போடப்போகிறேன். எனக்கு இந்த ஒரு வெடி போதும். உன் அண்ணன் அத்தனை வருஷம் சுட்டார், ஒரு தடவைகூடத் தவறவில்லை, ஒருத்தரும் ஒருநாளும் அவருக்குக் கை தட்டினதில்லை.