பாடையைத் திருப்ப இடமில்லாத தெரு

கோவில்பட்டி,
12.6.2004

அன்பும் பண்பும் மிக்க மச்சான் மாயகிருஷ்ணன் அவர்களுக்கு, கோகுலகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா ரெங்கம்மாளும் நலம். சென்ற மாதம் எங்கள் வீட்டில் காலமான மாமனாரும் நலமாகத்தான் தெரிகிறார். அது விஷயமாகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குடித்திருக்கிறேன் என்பீர்கள்.

சுடுகாட்டுக்குப் போகிற வழியில், முச்சந்தியில் பாடையை இறக்கித் தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்கினால்தான் போகிறவருக்கு வீட்டு வழி மறக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. புதூர்ப் பக்கம் உங்கள் கிராமத்தில் திரும்பிய இடமெல்லாம் முச்சந்தி. இங்கே ஏது? பருத்திக்காட்டை ஆளுக்கொரு துண்டாக வாங்கி, ஆளுக்கொரு நகர் என்று பெயர் வைத்து, பக்கத்து நகருக்கு வழி விடாமல் சுவர் எழுப்பிவிட்டார்கள். எங்கள் தெரு ஒரு முனையில் சுவரில் முட்டுகிறது, மறுமுனையில் பைபாஸில் விழுகிறது. அங்கே லாரிக்காரன் ஆரன் அடித்த அடியில் நீங்கள் கொள்ளிச்சட்டியோடு ஓட, பின்னாலேயே பாடையும் ஓட, திருப்புகிற பேச்சே எழவில்லை. அதன் பலனை நான் அனுபவிக்கிறேன்.

தினமும் உச்சிவெயிலில் தெருநாய்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து வாலை மடக்கிக்கொண்டு போய்விடுகின்றன. பிறகு மாமாவின் டயர் செருப்புச் சத்தம் நம் வீட்டைத் தாண்டிப் போகிறது. எல்லா வீடும் ஒரே ஊதா நிறம், பாவம், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. புதிதாகக் குடிவந்த, மாமாவை முன்பின் பார்த்திராத கடைசி வீட்டு வன்னியபெருமாளிடம், தொரட்டிக்கம்போடு ஒரு பெரியவர் சுவரோரம் நின்று வழி கேட்டாராம்.

"இந்தத் தெரு எங்கன போகுது தம்பி?"

"எங்கனயும் போகலய்யா, முட்டுச்சந்து."

"அப்ப சரி. திரும்புனா ரெண்டாவது வீடு நம்ம வீடு."

செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது. கேட் தானாகத் திறக்கிறது. வயர் நாற்காலி கிரீச்சென்று தாழ்கிறது. ரெங்கம்மாள் கம்பங்கூழைக் கொண்டுபோய் வைக்கிறாள். சாயங்காலம் சட்டி காலி. நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறேன். பயம் என்றால் அப்படியொரு பயம், மச்சான். உயிரோடு இருந்தபோதே அவர் முன்னால் நான் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை.

ஆகவே அந்தச் சுவரை இடிக்க, மனை விற்றவரைப் படாதபாடு பட்டுச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் குறுக்கே போகிற தெருவும் நம் தெருவும் சேர்ந்தால் முச்சந்தி ஆயிற்று. வெள்ளிக்கிழமை வெறும் பாடை கட்டி அங்கே திருப்பிவிடலாம். மூத்த மகன் நீங்கள், கொள்ளிச்சட்டி தூக்க அவசியம் வரவும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
கோகுலகிருஷ்ணன்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் இன்று காலையே சுவரை இடித்துவிட்டார்கள். பக்கத்து நகர்ப் பிள்ளைகள் சைக்கிளில் குறுக்கே பறக்கிறார்கள். மத்தியானம் செருப்புச் சத்தம் நம் வீட்டைத் தாண்டிப் போனது. திரும்பி வரவில்லை. கூழில் ஈ மொய்த்தது. ரெங்கம்மாள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அப்பா எந்தத் தெருவுல வழி கேட்டுக்கிட்டு நிக்காகளோ" என்றாள், அவ்வளவுதான். கொத்தனாருக்குச் சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் சுவரை மறுபடி கட்டுகிறோம்.