எந்த ஆயில் என்று உத்தரவு வேண்டி

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் மிகுந்த தயக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே உங்கள் முதுகும் சௌக்கியமாகி, நீங்கள் சீக்கிரம் கட்டிலைவிட்டு எழுந்து நடக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. ஆபரேஷன் ஆனவருக்கு எந்தக் கவலையும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாகவும், அதனால் உங்கள் போனை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டதாகவும் மகள் சொன்னாள். ஆகவே கவலைப்படும்படி இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் டிராக்டர் எஞ்சினில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது, அவ்வளவுதான்.

பதற வேண்டாம். விவரமாகச் சொல்கிறேன். உங்களை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது என் கையைப் பிடித்து, “மாமா, மழைக்கு முன்னால வண்டிக்கு ஆயில் மாத்திடுங்க” என்றீர்கள். நான் தலையாட்டினேன். கதவு மூடிக்கொண்டது. எந்த ஆயில் என்று நீங்கள் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் வேலை பார்த்த இடம் உங்களுக்குத் தெரியும். தலைக்கு மேலே மின்விசிறி நின்றுபோனால்கூடக் கோப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டு, உத்தரவு வரும்வரை வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படிப் பழகிய உடம்பு இது. அதனால் உத்தரவு எந்த மட்டும் தெளிவாக இருந்ததோ அந்த மட்டும் நிறைவேற்றினேன். ஆயில் மாற்று என்றால் பழையதை இறக்கு என்பது அதில் அடக்கம், இறக்கிவிட்டேன். எதை ஊற்றுவது என்பது அதில் அடக்கமில்லை, ஊற்றவில்லை.

இறக்கியது ஒன்றும் லேசான காரியமில்லை. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகுதான் இறக்க வேண்டும், அப்போதுதான் அழுக்கோடு முழுசாக வரும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதன்படி ஓடவிட்டு, நிறுத்தி, ஷெட்டில் சாக்கு விரித்துப் படுத்து, அடியில் இருக்கிற போல்ட்டை ஸ்பானர் போட்டுத் திருகினேன். அது அசையவே இல்லை, அசையவே இல்லை, திடீரென்று கழன்று பாத்திரத்துக்குள் விழுந்துவிட்டது. அதன் பின்னாலேயே கறுப்பாகச் சுடச்சுட ஆயில் என் முழங்கை வழியாக அக்குள் வரை இறங்க, நான் பதறி எழுந்து தலையை இரும்பில் இடித்துக்கொண்டு, அத்தை ஓடி வந்து, சட்டையைக் கழற்றி அங்கேயே போடச் சொல்லி, சோப்பு போட்டு, என்னென்னவோ ஆகிவிட்டது. காயம் ஒன்றுமில்லை. போல்ட்டைத் திரும்ப முடுக்கி, ஃபில்டரையும் மாற்றினேன். கடையில் அது ஒரே வகைதான் இருந்தது, அதனால் சிரமமில்லை. ஆனால் ஆயில் முழுக்க இறங்கி முடிந்ததைப் பார்த்தபோதுதான், இனி இதைத் திரும்ப உள்ளே அனுப்ப முடியாதே என்று உறைத்தது.

கடையில் என்ன நடந்தது என்றால், உதிரிபாகக் கடைக்காரர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், சிந்தடிக்கா சாதாவா என்று கேட்டார். என்ன வித்தியாசம் என்று கேட்டதுதான் நான் செய்த தப்பு. சிந்தடிக் என்றால் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் சட்டென்று எல்லா இடத்துக்கும் ஏறிவிடும், கடும் சூட்டிலும் நீர்த்துப்போகாது, நெடுநாள் தாங்கும், விலைதான் கூட என்றார். சரி அதையே கொடுங்கள் என்று வாய் திறப்பதற்குள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாடகை டிராக்டர்காரர், ஊரே ‘புகை’ என்று கூப்பிடுகிற அந்த ஆள், வண்டி பழசாச்சே என்று உச்சுக்கொட்டினார். பழைய எஞ்சினுக்குள் அழுக்கு அடைந்து கிடக்கும், சிந்தடிக் அதையெல்லாம் கழுவிவிடும், கசிவை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்ததே அந்த அழுக்குதான், கழுவினால் சீல் ஓரமாக ஒழுக ஆரம்பிக்கும் என்றார். அழுக்குப் போனாலும் ஆபத்தா என்று நான் திகைத்து நிற்க, அரவை மில்காரர் உள்ளே நுழைந்து, அதெல்லாம் கட்டுக்கதை, என் தம்பி சாதா ஊற்றிவிட்டு நேரத்துக்கு மாற்றாமல் விட்டான், பாதி நிலத்தில் எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது, பிஸ்டன் போச்சு, எல்லாம் போச்சு என்றார். நேரத்துக்கு மாற்றினால் சாதாவே தாராளம் என்றார் புகை. எவன் நேரத்துக்கு மாற்றுகிறான் என்றார் மில்காரர். அங்கே யாருக்குமே சந்தேகம் இல்லை மாப்பிள்ளை. அத்தனை பேருடைய சந்தேகத்தையும் நானே சுமந்துகொண்டு, இரண்டு வகையிலும் ஒவ்வொரு டப்பா வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

வந்ததும் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு எண் போட்டு, அந்த எண் உள்ள ஆயிலை ஊற்றவும் என்றிருந்தது. அப்பாடா என்று டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால், படுபாவிகள், இரண்டிலும் அதே எண். அப்படியானால் பாதி அது, பாதி இது என்று ஊற்றினால் இரண்டு பக்கமும் பழி வராதே என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் கலந்தால் உள்ளேயே தயிர் மாதிரி உறைந்துவிடும் என்று யாரோ சொல்லி எப்போதோ கேட்ட ஞாபகம். சோதித்துப் பார்க்கலாமென்று அத்தையின் எவர்சில்வர் டம்ளரில் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக் கலக்கி, ஜன்னலோரம் வைத்து, மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஏதாவது ஆகியிருந்தால் ஒரு முடிவாவது தெரிந்திருக்கும். அந்த டம்ளரில் இனி யார் குடிப்பது என்று அத்தை போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

இதற்குள் மழை வந்துவிட்டது. நல்ல மழை. மண் பதமாக இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் உழுகிறார்கள். நம் நிலம் மட்டும் பேசாமல் கிடக்கிறது. ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்காவிட்டால் இந்தப் பருவம் போய்விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றை ஊற்றித் தொலைங்களேன் என்கிறாள் அத்தை. ஊற்றலாம். ஊற்றிய பிறகு அந்தச் சாவியை யார் திருப்புவது? ஷெட்டுக்குப் போகிறேன், ஒரு டப்பாவைத் திறக்கிறேன், புகை சொன்னது காதில் விழுகிறது, மூடுகிறேன். மற்றதைத் திறக்கிறேன், மில்காரரின் தம்பி பாதி நிலத்தில் நிற்கிறார், மூடுகிறேன். மூடித் திறந்து மூடித் திறந்து ஒரு டப்பாவின் மரையே தேய்ந்துபோச்சு.

மாப்பிள்ளை, மனசு விட்டுச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அந்த வண்டியை நீங்கள் துடைக்கிற துடைப்பைப் பார்த்துத்தானே மகள் அதற்கு ‘சக்களத்தி’ என்று பேர் வைத்தாள். நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று நான் பயப்படவில்லை. நீங்கள் என்னிடம் ஒருநாளும் கோபித்ததில்லை. ரிட்டையர் ஆன பிறகு என்னை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. காய்கறி வாங்கக்கூட அத்தை கூடவே வருகிறாள். நீங்கள்தான் வலியோடு படுத்திருந்தபோது என் கையைப் பிடித்து ஒரு வேலை சொன்னீர்கள். நான் ஊற்றியதால் எஞ்சின் பிடித்துக்கொண்டால், நீங்கள் “பரவாயில்லை மாமா” என்பீர்கள். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

ஆகவே சிந்தடிக் அல்லது சாதா, இரண்டில் ஒரு வார்த்தை மட்டும் உங்கள் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, இதைக் கொண்டுவரும் பால் வேன் டிரைவரிடமே கொடுத்தனுப்புங்கள். இது மகள் கண்ணில் பட வேண்டாம். பட்டால், டிராக்டர் டயரெல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதியிருப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

முதுகை நிமிர்த்தி உட்காரும் நாள் சீக்கிரம் வரட்டும். நீங்களும் மகளும் நீண்ட காலம் நோய்நொடியில்லாமல் இருக்க மனதார வாழ்த்துகிறேன். அத்தையின் ஆசியையும் சேர்த்துக்கொள்ளவும். அவளிடம் கேட்டு எழுதலாமென்றால் ஆளைக் காணவில்லை.

உங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
மாமா

பின்குறிப்பு: வேன்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார், அவசரமாக எழுதுகிறேன். நான் காலையிலிருந்து இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தை டிராக்டருக்கு ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி, நிலத்தில் பாதிக்கு மேல் உழுதுவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு இப்போதுதான் உள்ளே வந்தாள். ஊரெல்லாம் டிராக்டர் ஓடுகிற சத்தத்தில் நம் வண்டிச் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானாம். தெரிந்தால் நான் பயப்படுவேன் என்று இரண்டு பேரும் மறைத்துவிட்டீர்களாம். வண்டி பூனை மாதிரி ஓடுகிறதாம். எதை ஊற்றினாய் என்று கேட்டேன். “சொல்ல மாட்டேன். சொன்னா, இன்னொண்ண ஊத்தியிருக்கலாமோன்னு உக்காந்துக்கிட்டு இருப்பீங்க” என்றாள். காலி டப்பாவையும் காணோம், மற்ற டப்பாவையும் காணோம். கடைக்காரரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆகவே மேலே கேட்ட உத்தரவு இனித் தேவையில்லை. ஒரே ஒரு வேண்டுகோள் மாப்பிள்ளை. நீங்களே அத்தையிடம் ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் ஊற்றியது சரியானதுதான் என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எது என்று எழுத வேண்டாம்.