என்ட்விசில் வகையறாவுக்கு நான் போட்ட மொட்டை

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சின்ன ர, பெரிய ற விஷயத்தில் என்னை நம்ப வேண்டாம். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உயிரோடு, நல்ல பசியோடு இருந்த ஒரு மனிதருக்கு நான் மொட்டை போட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் அப்பாவின் பெயர். அவர் பெயர் என்ட்விசில்.

(ஆமாம், முழுப் பெயரே அதுதான்.) வெள்ளைக்காரன் காலத்தில் என் தாத்தா தாம்பரம் ரயில்வே ஷெட்டில் கலாசியாக, கூலி வேலையில் இருந்தார். சேர்ந்த முதல் வாரமே ஒரு பெட்டியின் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். மேலதிகாரி என்ட்விசில் துரை வந்து பார்த்திருக்கிறார். எழுப்பவில்லை. பூட்ஸ் சத்தம் கேட்காதபடி சுற்றிக்கொண்டு போய்விட்டாராம். தாத்தா ஒரு கண்ணை மட்டும் திறந்து அதைப் பார்த்திருக்கிறார். அந்த நன்றிக்காகத் தலைச்சன் பிள்ளைக்குத் துரையின் பெயரை வைத்தார். அது குடும்பத்துக்குப் பொதுவான பெயர், ஆளுக்கு வைக்கிற பெயர் இல்லை என்பது தாத்தாவுக்கு எப்படித் தெரியும்? நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரில் ஓர் எழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான்.

அப்பா பெயரின் இங்கிலீஷ் முதல் எழுத்தால் நான் இ. தாமோதரன் ஆனேன். 'இ' என்றால் என்ன என்று கேட்பவர்கள், நான் வாயைத் திறப்பதற்குள் "ஏழுமலையா?" என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். நான் தலையாட்டிவிடுவேன். எனக்கு அவ்வளவு கூச்சம். என் கல்யாணப் பத்திரிகையிலேயே ஏழுமலை என்றுதான் அச்சாகி வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி, "யார்ரா இந்த ஏழுமலை? பொண்ணு வூட்டு ஆளா?" என்று கேட்டார்.

எனக்கு வேலை காட்டாங்குளத்தூரில், ஒரு கல்லூரியில். மாணவர்கள் போனபிறகு வகுப்பறைகளைப் பெருக்கி, பலகையைத் துடைக்க வேண்டும். (இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் அளவுக்கு இங்கிலீஷை அழித்தவன் இந்தப் பக்கத்தில் கிடையாது.) வேலை முடிந்தால் மின்சார ரயில், தாம்பரம், அங்கிருந்து பஸ்ஸில் முடிச்சூர். பிள்ளைகள் இல்லை. மனைவி சரோஜா போனபிறகு, சில நாள் ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் கேட்கும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பதுதான் அன்றைக்கு என்னைப் பார்த்து யாராவது பேசிய கடைசிப் பேச்சாக இருக்கும்.

பான் கார்டில் ஒரு திருத்தத்துக்காக கோமதியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். என் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணா, அப்பா பேரு ஏழுமலைன்னு இல்ல சொன்னீங்க?"

"நீதாம்மா சொன்ன."

"இது வெள்ளக்காரன் பேருண்ணா! இருங்க, நெட்ல போட்டுப் பாப்போம்."

கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் வந்தது. இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் லங்காஷயர் என்று ஒரு சீமை. அங்கே போல்டன், பிளாக்பர்ன் ஊர்களைச் சுற்றிக் குங்குமம் கொட்டிய மாதிரி சிவப்பு. அதைவிட்டு விலக விலக நிறம் வெளுத்துக்கொண்டே போனது. அமெரிக்காவில் கொஞ்சம் புள்ளிகள், ஆஸ்திரேலியாவில் கொஞ்சம். ஒவ்வொன்றும் அந்தப் பெயருள்ள ஆட்கள் இருக்கும் இடமாம். இந்தியா மொத்தமும் வெறும் வெள்ளை.

"அது ஒரு கிராமத்துப் பேருண்ணா. அந்த ஊர்க்காரங்க வெளியூர் போனப்ப, ஊர்ப் பேரே குடும்பப் பேரா ஒட்டிக்கிச்சாம். அர்த்தம்கூடப் போட்டிருக்கு. ஆறு ரெண்டா பிரியிற எடம், அங்க வாத்து இருக்கும். தண்ணிக்கோழின்னும் சிலபேர் சொல்றாங்களாம்."

எனக்குச் சரோஜாவின் வாத்து ஞாபகம் வந்தது. பெரிய வெள்ளத்தின்போது அடையாறு எங்கள் தெருவுக்குள் புகுந்தது. அப்போது ஒரு வாத்து ஜன்னல் வழியாக நீந்தி வந்து எங்கள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தது. யாருடையது என்று தெரியாது. சரோஜா அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். மூன்று நாள், எங்களுக்கு வந்த பொட்டலச் சோற்றில் பாதி அதற்கு. "உங்க சைடு சொந்தம்னு யாருமே வந்ததில்ல. இதாவது வந்துதே" என்று சிரித்தாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னது இவ்வளவு சரியாக இருக்கிறது. அதை வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்ல முடியாது. கோமதியின் கடையில், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அந்தப் பெயருள்ளவர்களை எல்லாம் சேர்த்து ஒரு சங்கம் இருந்தது. அதன் செயலாளர் கென்னத் என்ட்விசில் என்ற பெரியவர்.

"எழுதிப் போடவாண்ணா?"

"ஏதாவது போடும்மா."

என் அப்பாவுக்கு அந்தப் பெயர் ஒரு தூக்கத்தால் வந்தது, ரத்தத்தால் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வழக்கம்போலத் தலையாட்டினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கோமதி யோசித்து யோசித்து மொழிபெயர்த்தாள்: "அன்புள்ள பங்காளி! இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள்?"

வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். இந்தியாவின் தென்கிழக்கில், கடுகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. நான்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனைத் தூக்கிக்கொண்டு கோமதி கடைக்குப் போவேன். கென்னத் அண்ணனுக்கு முட்டி வலி. பால்கனியில் தக்காளி வைத்திருக்கிறார், பழுக்க மாட்டேன் என்கிறது. நான் மழைப் படம் அனுப்புவேன், அவரும் மழைப் படம் அனுப்புவார். கடைசியில், "ஒரு தடவ புள்ளியக் காட்டும்மா" என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். பொய் தெரிந்தால் புள்ளியை அழித்துவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. எனக்கு மிச்சமிருந்த சொந்தம் அது ஒன்றுதான்.

கோமதி ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், வியாழக்கிழமை, போனில் ஒரு படம் வந்தது. கென்னத் அண்ணனின் கறுப்பு வெள்ளைப் படம். சுற்றிலும் பூ, கீழே எரியும் மெழுகுவர்த்தி. அதற்கும் கீழே இரண்டு வருடங்கள், நடுவில் ஒரு சின்னக் கோடு. பக்கத்தில் கொடி கொடியாக ஏதோ சுருட்டெழுத்து.

தெருமுனையில் போஸ்டர், பேனர் அடிக்கும் தயாளனிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே பார்வைதான் பார்த்தார்.

"பூட்டாருபா."

"நல்லா பாருங்கண்ணா. அந்த எழுத்து இன்னான்னு..."

"பைபிள் வசனம்பா அது. இருபது வருசமா இதான் என் பொழப்பு. பூ கீது, மெழுகுவத்தி கீது. தோற்றம், மறைவு, நடுவுல கோடு. இதுல இன்னா டவுட்டு உனக்கு? இன்னா மொற வேணும்?"

"பங்காளி."

"மூத்த பங்காளியா? அப்ப மொட்ட போட்டே ஆவணும்."

போட்டேன். போஸ்டரும் அடித்தோம். 'கண்ணீர் அஞ்சலி. லண்டன் வாழ் எங்கள் பங்காளி, உயர்திரு கென்னத் என்ட்விசில் அவர்கள். மீளாத் துயரில்: இ. தாமோதரன்.' (லண்டன் இல்லை, அதற்கு வெகு வடக்கே. ஆனால் முடிச்சூருக்கு எல்லாம் லண்டன்தான்.) படத்தில் அண்ணன் சாதாரண ஸ்வெட்டர்தான் போட்டிருந்தார். தயாளன் தன் அன்புக்கு ஒரு நீலக் கோட்டை மாட்டிவிட்டு, இரண்டு புறாவையும் பறக்கவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, விளக்கு ஏற்றி உட்கார்ந்தேன். சரோஜா போனபோது ஊரடங்கு. பத்துப் பேர்கூட வரவில்லை. அன்றைக்கோ தெருவே வந்தது. லண்டன் சாவு அல்லவா! வாடகை நாற்காலி போதாமல் எதிர்வீட்டு பச்சையம்மா அக்கா தன் வீட்டு ஸ்டூல்களைக் கொண்டுவந்து போட்டு, ஒன்றில் தானும் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"இன்னா நோவு தாமு அவருக்கு?"

"முட்டி வலிக்கா."

"முட்டி வலிலயா செத்தாரு?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதுக்கா."

"பாவம், நடந்து நடந்து பூட்டாரு" என்று அக்கா மறுபடி அழுதார்.

நானும் அழுதேன். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள், இவ்வளவு பாசமா என்று. அதில் பெரும்பங்கு கென்னத் அண்ணனுக்கு உரியது இல்லை. சரோஜா போன அன்றைக்கு, வந்த கொஞ்சம் பேர் முன்னால் எனக்கு அழக் கூச்சமாக இருந்தது. அந்த பாக்கிதான் இப்போது வந்தது.

அந்த நேரம் கோமதி பையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் போஸ்டரைப் பார்த்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. "அண்ணா, படத்தக் காட்டுங்க!" போனைப் பிடுங்கிப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ! இது எண்பதாவது பொறந்தநாள் பத்திரிகைண்ணா! பொறந்த வருசமும் இந்த வருசமும் போட்டிருக்கு. ஞாயித்துக்கிழம கேக் வெட்டும்போது கூப்பிடறேன்னு எழுதியிருக்காரு!"

"ஞாயித்துக்கிழமன்னா..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் கையிலேயே போன் அடித்தது. வீடியோ. பதற்றத்தில் அவள் விரல் பச்சையில் பட்டுவிட்டது.

தலையில் காகிதக் கிரீடத்தோடு, வாய் கொள்ளாத சிரிப்போடு, கென்னத் அண்ணன்.

"உசுரோட கீறாரு!" என்று தயாளன் கத்தினார். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பச்சையம்மா அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப நான் அழுதது?" என்று கேட்டார்.

அண்ணனோ அந்தப் பக்கம் மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. கோமதி மெதுவாக என் காதில் சொன்னாள்: "எனக்காகவா இத்தன பேருன்னு கேக்குறாருண்ணா. இங்க ஆறு பேருதான் வந்திருக்காங்கன்றாரு. என்னண்ணா சொல்லட்டும்?"

தலையாட்டியிருந்தால் போதும், தப்பித்திருப்பேன். புள்ளியும் தப்பித்திருக்கும். ஆனால் அந்தக் கிரீடத்தின் கீழே கலங்கிய கண்ணைப் பார்த்து என்னால் தலையாட்ட முடியவில்லை.

"உள்ளதச் சொல்லும்மா. செத்துட்டாருன்னு நெனச்சோம்னு சொல்லு. நான் பங்காளி இல்ல, எங்க தாத்தா தூங்குனதால வந்த பேருன்னு சொல்லு. எல்லாத்தையும் சொல்லிடு."

கோமதி சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இருமல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், சிரித்துச் சிரித்து அவர் கிரீடம் மூக்குக்கு இறங்கியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"அது ரத்தத்தோட பேரு இல்லையாம்ண்ணா, எடத்தோட பேராம். அந்த ஆத்தங்கரையில இருந்தவங்கல்லாம் ஒரே குடும்பம்னு யாரு கண்டாங்கன்றாரு."

அதோடு நிறுத்தாமல் கோமதி வெள்ளக் கதையையும், கட்டிலில் ஏறிய வாத்தையும் சொல்லிவிட்டாள். கென்னத் அண்ணன் கிரீடத்தைக் கழற்றினார். அவர் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாராம். எண்பது வருடத்தில் ஒரு வாத்துகூட அவர் வீட்டைத் தேடி வந்ததில்லையாம். "அப்படிப் பார்த்தால் என்னைவிட அவர்தான் அசல் என்ட்விசில்" என்றாராம்.

துக்கத்துக்கு வந்த கூட்டம் ஹேப்பி பர்த்டே பாடியது. பிறகு நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடு பழையபடி ஆனது. நான் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கென்னத் அண்ணன் அந்தப் போஸ்டரைக் கேட்டு வாங்கிச் சமையலறையில் மாட்டிக்கொண்டார். அங்கே யாராவது இரண்டு வாரம் பேசாமல் இருந்தால், "சீக்கிரம் போன் பண்ணு, இல்லையென்றால் முடிச்சூரில் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள்" என்பது இன்றைக்கும் அந்த வீட்டில் வழக்கமாம். இங்கே எனக்கு 'லண்டன் பங்காளி' என்று பெயர் நிலைத்தது. (ஏழுமலைக்கு இது பரவாயில்லை.)

இந்த ஐப்பசித் தொடக்கத்தில் அவருடைய மகளிடமிருந்து செய்தி வந்தது. கோமதி இரண்டு முறை படித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை சந்தேகம் இல்லை.

தயாளனிடம் போனேன்.

"மொதல்ல போன் போட்டுப் பாத்தியா?" என்று அவர் சிரித்தார். "ஒரே ஆளுக்கு ரெண்டு தபா அடிச்சா என் கடைக்குக் கெட்ட பேருபா."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். மறுபடி எடுத்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. முடிவெட்டுகிறவர்கூட, "இன்னா, திரும்பவும் லண்டனா?" என்றார். தலையாட்டினேன். அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றி உட்கார்ந்தேன். கோமதி வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள். வேறு யாரும் வரவில்லை.

புள்ளியை அழிக்கவில்லை என்று மகள் எழுதியிருக்கிறாள். அதன் பக்கத்தில் அவள் அப்பா தன் கையாலேயே எழுதி வைத்திருந்தாராம்: 'எங்கள் கூட்டத்தில் எனக்காக மொட்டை போட்ட ஒரே ஆள்.' இரண்டாவது மொட்டை அவருக்குத் தெரியாது.

தயாளன் அடிக்க மறுத்த போஸ்டருக்குப் பதிலாகத்தான் இதை எழுதினேன். புறா வரைய எனக்கு வராது.

கென்னத் அண்ணனுக்குப் பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி இருபத்திரண்டு.