தம்பிராஜா ஒளிப்பதிவு பார்த்த கதை

சனிக்கிழமை சாயங்காலம் படம் பார்த்துவிட்டு காஜா பெராங் வட்டாரத்திலிருந்த தம் வீட்டுக்குள் நுழைந்த தம்பிராஜா, செருப்பைக்கூடக் கழற்றாமல் தீர்ப்புச் சொன்னார்.

"பாக்கியம், அந்தப் படத்துக்கு நீ போகக் கூடாது. அவ்வளவும் ஆபாசம்!"

பாக்கியலட்சுமி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கண் கலங்கியது வெங்காயத்தாலா, அந்தப் படத்துக்கென்று ஒரு மாதமாக மடித்து வைத்திருந்த சேலையாலா, தெரியவில்லை.

தம்பிராஜா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்த வட்டாரத்து வாசகர் மன்றத்துக்குச் செயலாளர். எந்தத் தமிழ்ப் படம் வந்தாலும் முதலில் தான் மட்டும் போய்ப் பார்ப்பார். நல்ல படம் என்றால் மனைவியை அழைத்துப் போவார். பத்துக்கு எட்டுப் படம் அவள் பார்க்கத் தகாததாகவே அமைந்துவிடும். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலு மாதமாகியும் இந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை.

"படம் நல்லா எடுக்கலையா?"

"எடுத்த விதம் பிரமாதம்! திரையில மழை பெய்யுது, நம்ம சட்டை நனையுது. அப்படி ஒரு ஒளிப்பதிவு. ஆனா என்ன பிரயோஜனம்? குளத்துல ஒரு ஆட்டம் வருது பாரு, சீ! இன்னொருத்தன் வாயைத் திறந்தா ரெட்டை அர்த்தம்."

"ரெண்டு அர்த்தமும் உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரியாம எப்படிக் கண்டிக்கிறது?"

மறு ஞாயிறு மன்றத்தில் அந்தப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவது என்று முடிவு செய்தார். நாலு பக்கம் எழுதியும் விட்டார். ஆனால் கண்டனம் என்றால் ஆதாரம் வேண்டாமா? குளத்து ஆட்டம் எத்தனை நிமிடம்? புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டார். வீட்டில், ஆபீஸில் வேலை மலைபோல் கிடக்கிறது என்று சொல்லி வைத்தார். பாக்கியலட்சுமியும் அடுத்த வீட்டு சாரதாம்பாளும் பண்டார் ஹிலிர் கடைத்தெருவுக்குத் துணி வாங்கப் போவதாகச் சொன்னார்கள். தாராளமாக அனுமதித்தார்.

மூன்று மணிக் காட்சி. ஆட்டம், இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. இருட்டில் குத்துமதிப்பாக நோட்டில் எழுதிக்கொண்டார். இடைவேளை விளக்கு எரிந்தது. பின்வரிசையிலிருந்து வளையல் போட்ட ஒரு கை, கடலைப் பொட்டலத்தை நீட்டியது.

"கடலை வேணுமாங்க?"

தம்பிராஜா நோட்டைச் சட்டென மூடினார்.

"நான்... ஒளிப்பதிவைப் பார்க்க வந்தேன்."

"ஒளிஞ்சு வந்து பார்க்கிறதுக்குப் பேருதான் ஒளிப்பதிவா?"

"குறிப்பு எடுக்கணும், பாக்கியம்!"

"குறிப்பா எதை?"

சாரதாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ மட்டும்? துணி வாங்கப் போறேன்னுதானே சொன்னே?"

பாக்கியலட்சுமி மடியிலிருந்த துணிப் பொட்டலத்தை உயர்த்திக் காட்டினாள். "வாங்கியாச்சு. உங்க மலை என்னாச்சு? நகர்ந்துடுச்சா?"

நல்லவேளை, விளக்கு அணைந்தது.

படம் முடிந்து மூவரும் நடந்தே திரும்பினார்கள். வீட்டு வாசலில் சாரதாம்பாள் பிரிந்து போனதும் பாக்கியலட்சுமி ஆரம்பித்தாள். குரலில் கேலி இல்லை.

"ஆட்டம் கிடக்கட்டும்ங்க. நியாயம் கேட்ட பொண்டாட்டியை அந்தக் கதாநாயகன் ஓங்கி அறையுறான். அவ கால்ல விழுறா. கொட்டகையே கைதட்டுது. அதைவிடவா ஆபாசம்?"

"அந்த இடத்தில காமிராவை மேலேயிருந்து எவ்வளவு அழகா வச்சு..."

"மேலேயிருந்து பார்த்தா அவ கன்னம் தெரியாதுங்க."

தம்பிராஜாவுக்குத் தாம் எழுதியது நினைவுக்கு வந்தது. நாலு பக்கத்தில் அந்த அறையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதுவும் பாராட்டு. போதாததற்கு, கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் அவர் பேசினார். குளத்தைத் தொடவே இல்லை. "அந்தப் பெண்ணின் கன்னத்தை நமக்குக் காட்டாத காமிரா, எவ்வளவு கெட்டிக்காரக் காமிராவாக இருந்தால் என்ன?" என்று கர்ஜித்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

தலைவர் நடராஜன் எழுந்தார். "எங்க யாருக்கும் தோணாதது செயலாளருக்குத் தோணியிருக்கு! எப்படிய்யா?"

தம்பிராஜா அடக்கமாகத் தலை குனிந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து சாரதாம்பாள் குரல் கொடுத்தாள்.

"அவருக்கு எங்கே தோணுச்சு? பாக்கியம் சொன்னது அது. நேத்து குழாயடியில எங்க எல்லாருக்கும் சொல்லிடுச்சே! அவர் ரெண்டாந் தடவை படத்துக்குப் போனாரே, அன்னிக்கு அவர்கிட்ட சொன்னதாம்."

"ரெண்டாந் தடவையா?" என்றார் தலைவர்.

சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமாயிற்று. அடங்கியதும் ஒரு தீர்மானம் வந்தது: இனி ஊருக்கு வரும் படங்களை முதலில் மன்றத்துப் பெண்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. குறிப்பேட்டில் அதைத் தம் கையாலேயே எழுதினார் செயலாளர்.

அடுத்த வாரமே புதுப் படம் ஒன்று வந்தது. பெண்கள் ஒன்பது பேர் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்த மனைவியிடம் தம்பிராஜா ஆவலோடு கேட்டார்:

"எப்படி? நான் போகலாமா?"

பாக்கியலட்சுமி சற்று யோசித்தாள்.

"சந்தேகமா இருக்குங்க. நாளைக்கு நீங்க சோறு வடிச்சு வையுங்க. நாங்க இன்னொரு தடவை பார்த்துட்டு வந்து சொல்றோம்."