சீல் போடவா, கழற்றவா?

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கையில் பாண்டிதுரையின் பைக் இன்ஜின் துண்டு துண்டாகப் பட்டறைத் தரையில் கிடந்தது. பிரச்சினை, விரல் நுனி அளவுள்ள இரண்டு ரப்பர் மூடிகள். வால்வு சீல். மேலே இருக்கிற ஆயில் வால்வுத் தண்டு வழியாக இறங்கி எரிந்துவிடாமல் தடுப்பது அதுதான். பந்தய வண்டிக்கு அது வேண்டுமா, வேண்டாமா?

மாமனார் உக்கிரபாண்டி, ஓய்வுபெற்ற ஏட்டு, தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“சுந்தரபாண்டியம் பொங்கல் பைக் பந்தயத்துல உங்க பட்டறை வண்டி ஒண்ணாவது ஜெயிக்கட்டும் மாப்ள. இல்லன்னா பட்டறையப் பூட்டிட்டு மில்லு வாட்ச்மேன் வேலைக்குப் போங்க. சொல்லி வச்சிட்டேன்.”

சொன்னதோடு விடவில்லை. வாட்ச்மேன் விசிலும் வாங்கிக்கொடுத்துவிட்டார்.

பாண்டிதுரை ராஜபாளையத்துக்கு ஓடினான். லேத் பட்டறை இம்மானுவேல் சிரித்தார்.

“ரேஸ் இன்ஜினுக்கு சீல் எதுக்குலே? அந்த வேகத்துல வால்வுக்கு ஆயில் போகலன்னா சூடாகிப் பிடிச்சிக்கிரும். கழட்டி வீசு.”

கழற்றி வீசினான். வண்டியை முறுக்கியதும் புகையில் தெருவே காணாமல் போனது. எதிர்வீட்டு அங்காளம்மாள் குழம்புச் சட்டியை அவசரமாக மூடினாள்.

“கொசு மருந்து அடிக்கதா இருந்தா முன்னாடியே சொல்லப்பிடாதா?”

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினான். ஸ்பேர் பார்ட்ஸ் கடை கண்ணுச்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

“எந்தக் கிறுக்கன் சொன்னான்? சீல் இல்லன்னா பிளக்கு ஆயில்ல குளிச்சிரும். வண்டி பாதியில நின்னுரும். போட்டு ஓட்டுங்க.”

போட்டான். புகை நின்றது. கூடவே வண்டியும் நின்றது. வேகத்துக்காக மாட்டிய புதுக் கேம், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கிற உருளை, வால்வை அதிகமாக இறக்கியதில், ஸ்பிரிங் மூடி இடித்து இடித்துச் சீலைக் கூழாக்கியிருந்தது.

மறுபடி ராஜபாளையம். மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மூன்றாம் நாள் பஸ் கண்டக்டரே டிக்கெட் கிழிக்குமுன், “என்னண்ணே, சீல் உண்டா இல்லையா?” என்று விசாரித்தார்.

கடைசியில் இருவர் சொன்னதையும் செய்தான். ஒரு வால்வுக்குச் சீல், இன்னொன்றுக்கு இல்லை. இடிக்கிற இடத்தை லேத்தில் கடைந்து குறைத்தாகிவிட்டது. இன்ஜின் அலறியது. முறுக்கினால் பறந்தது, கையைத் தளர்த்தினால் அணைந்தது. அதற்கு மேல் செய்ய அவனுக்குத் தெரியவில்லை. மூலையில் உட்கார்ந்து அந்த விசிலை ஒருமுறை ஊதிப்பார்த்தான். அழுகை வந்தது.

மனைவி யோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

“என் மொபட்டு ரெண்டு வாரமா இங்கதான் கெடக்கு. நடந்து போறவுககூட அதைத் தாண்டிப் போயிருறாக. செத்த பாருங்களேன்.”

“அதுக்கு வால்வே கிடையாது, டூ ஸ்ட்ரோக்கு. அதெல்லாம் ஒரு வண்டியா?”

“சரி, பந்தய நோட்டீசையாவது முழுசாப் படிச்சீகளா?”

“பந்தயத்தப் பத்தி எனக்கே பாடம் எடுக்கியா?”

அவள் மொபட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

பந்தய நாள். தொடக்கக் கோட்டில் ஏழெட்டு வண்டிகள். கடைசியில் யோகேஸ்வரி, அதே மொபட்டில். முன்னால் ‘பாண்டிதுரை ஆட்டோ ஒர்க்ஸ்’ என்று ஸ்டிக்கர் வேறு. அவனுக்கு உயிரே போய்விட்டது.

“வீட்டுக்குப் போடி, மானம் போகுது!”

“குக்கர் பரிசாம்,” என்றாள் அவள்.

மாமனார் அந்த வாட்ச்மேன் விசிலைக் கேட்டு வாங்கி, தானே ஊதினார்.

பாண்டிதுரை பறந்தான். பக்கத்தில் ஒரு வண்டி இல்லை. பிளக் நனையவில்லை, வால்வு பிடிக்கவில்லை. நூறு மீட்டரும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பட்டறை பிழைத்தது என்று இரண்டு கையையும் தூக்கினான். இன்ஜின் அணைந்தது.

கைதட்டல் இல்லை. மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. மாமனார் முகத்தை மூடிக்கொண்டார். ஒன்றும் புரியாமல் பாண்டிதுரை, எல்லைக்கோட்டில் சுண்ணாம்பு வாளியோடு நின்ற கருத்தையாவைப் பார்த்தான்.

“என்ன தம்பி அவசரம்? இது ஸ்லோ ரேசு, கடைசியா வாரவுகளுக்குத்தான் பரிசு. மத்தவுகெல்லாம் காலை ஊனித் தோத்துட்டாக, அந்தா உங்க பட்டறை மொபட்டு ஒண்ணுதான் இன்னும் பாதி தூரம்கூட வராம ஊர்ந்துக்கிட்டு இருக்கு!”