நடக்க விடாத ரந்தாவ் ரோடு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. நாப்பது நிமிஷம் நடக்கணும்.

வயசு அறுபத்து மூணு. முதல் நாள்தான் கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி சொல்லிட்டாங்க. "அங்கிள், ரத்தத்துல சீனி ரொம்ப ஏறிப்போச்சு. தினமும் நடங்க. அடுத்த மாசம் இறங்கலைன்னா ஊசிதான் லா!"

முப்பது வருஷம் எஸ்டேட் லோரி ஓட்டுன வீரன் நான். ஊசின்னா மட்டும் ஓடி ஒளிஞ்சுக்குவேன். வர்ற வழியிலேயே காலுக்குப் புது சப்பாத்து வாங்கிட்டேன்.

காலையில ஏழு மணிக்குக் கிளம்பி, எங்க ரந்தாவ் எஸ்டேட் ரோட்டுல நூறு அடி நடந்திருப்பேன். பக்கத்து லயத்து செல்வம் மோட்டர் சைக்கிள நிறுத்திட்டான்.

"என்னண்ணே, மோட்டர் ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

"இல்லப்பா, சும்மா நடக்குறேன்."

"எங்க?"

"எங்கயும் இல்ல."

அவன் மூஞ்சி மாறிப்போச்சு. "வீட்டுல சண்டையாண்ணே?"

அடக் கடவுளே! நம்ம ஆளுங்களுக்கு, ரோட்டுல நடக்குறவன் ஒண்ணு மோட்டர் கெட்டுப்போனவன், இல்லன்னா பொண்டாட்டி தொரத்துனவன். ஒடம்புக்காக ஒருத்தன் நடப்பான்னு சொன்னா இவனுங்க மண்டையில ஏறவே ஏறாது.

"ஏறுங்கண்ணே!"

மாட்டேன்னா மரியாதையா இருக்குமா? இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உண்மையில, நூறு அடிக்கே மூச்சு வாங்கிடுச்சு. ஏறி உக்காந்துட்டேன்.

நேரா ரோட்டோர ஒட்டுக்கடையில கொண்டுபோய் இறக்குனான். "தே ஓ, பால் வேணாம், சீனியும் போடாம"ன்னேன். செல்வம் கடைக்கார அக்கா காதுல என்னமோ ஓதுனான். அந்தம்மா உச்சுக் கொட்டிக்கிட்டே இனிப்புப் பால் டின்னை கிளாஸ்ல கவுத்துட்டாங்க. "பாவம், எப்ப சாப்பிட்டாரோ!" பருப்புக் கறி ஊத்தி ரெண்டு ரொட்டி சானாய் வேற. வேணாம்னு சொல்லத்தான் செஞ்சேன். சொல்லும்போது வாய்ல ரொட்டி இருந்துச்சு, அதான் யாருக்கும் கேக்கல.

திரும்பி நடக்கலாம்னு வெளிய வந்தா, செம்பனைக் குலை ஏத்துன லோரி வந்து நிக்குது. என்கிட்ட வேலை பழகுன மணியம்!

"நான் இருக்குறப்ப நீங்க நடக்குறதாண்ணே? ஏறுங்க!"

ஏறுனேன். வேற என்ன செய்வேன்?

வீட்டு வாசல்ல இறங்குனா, வீட்டுக்காரி இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறா. "ஏங்க, நான் உங்கள வீட்ட விட்டுத் தொரத்திட்டேனாமே! செனாவாங் டவுன்லேர்ந்து மக அழுதுக்கிட்டே போன் பண்றா!"

"அட, நடக்கத்தான்டி போனேன்!"

"நடந்தா சட்டையில எப்படிங்க பருப்புக் கறி ஒட்டும்?"

சட்டைய மாத்த உள்ள போயிட்டேன்.

அந்த மாசம் பூரா இதே கூத்துதான். "சண்டை தீந்துச்சாண்ணே?"ன்னு கேட்டுக் கேட்டே ஏத்துனானுங்க. நானும் வெக்கங்கெட்டுப் போயி ஏறுனேன்.

கிளினிக்ல மிஸ்ஸி ரிப்போர்ட்டப் பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "அங்கிள், உண்மையாவே நடந்தீங்களா?"

"தினமும் கிளம்புனேன் மிஸ்ஸி."

இப்ப தினம் ஒரு ஊசி. "உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம், குடுங்க நான் போட்டுக்குறேன்"னு ஒருத்தனாவது வரணுமே!